மகவிழந்தார்க்குத் தம்மம் கூறுவது

தில்லியில் நம்மவர் கூடிய பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய அறவுரை



மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலம் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இனியதன்று. ஆயினும் பேசாது விடத்தக்கதும் அன்று. பௌர்ணமிதோறும் நம்மோடு அமரும் ஒரு குடும்பத்தார், மூன்று வயது நிரம்பாத தம் பெண்மகவைக் கண்ணில் தோன்றிய புற்றுநோய்க்குப் பறிகொடுத்து ஓராண்டு முடிகின்றது. அக்குழந்தையின் தாய் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா! திதி கொடுப்பதில்லை, பிண்டம் வைப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டோம். அப்படியானால் என் குழந்தையை நான் எப்படி நினைப்பது?"

இஃது ஒரு தாயின் கேள்வி மட்டும் அன்று. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகிப் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் சிராத்தமும் பிண்டமும் விலக்கப்பட்டன. அவற்றை நாமும் விட்டோம். விட்ட இடத்தில் எதனை வைத்தோம்? வீட்டைக் காலியாக விட்டால் பழைய குடித்தனக்காரன் மீண்டும் வந்து புகுவான். துக்கம் வந்த நாளில் வெறுங்கையோடு நிற்கும் குடும்பம், புரோகிதர் வாயிலையே மீண்டும் தட்டும். ஆதலின் இக்கேள்விக்கு விடை கூறுவது நம் கடன்.

இதனோடு பிறிதொரு கேள்வியும் உண்டு. அதனைத் தாய் கேட்கவில்லை. தாயைப் பார்த்துப் பிறர் கேட்டனர். துக்கம் விசாரிக்க வந்த ஒரு முதியவள், "போன பிறப்பில் என்ன பாவம் செய்தாயோ அம்மா, பிஞ்சுக்கு இப்படி வந்துவிட்டதே!" என்றாளாம். சொன்னவள் கொடியவள் அல்லள். வழிவழியாக வந்த சொல் நாவில் வந்தது, அவ்வளவே. எனினும் அச்சொல் அத்தாயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து ஓராண்டாய் நிற்கின்றது. முள்ளை எடுத்த பின்னரே புண்ணுக்கு மருந்திட இயலும். ஆகவே இரண்டாம் கேள்வியை முதலில் ஆராய்வோம்.

யார் செய்த பாவம்?

நோயின் இயல்பை முதலில் அறிவோம். கண்ணின் உட்புறத்தே, பின்சுவரில், ஒளியை ஏற்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதனை விழித்திரை என்பர். ரெட்டினோபிளாஸ்டோமா என மருத்துவ நூலார் வழங்கும் புற்று அவ்விழித்திரையில் தோன்றுவது. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே பற்றும். 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு என்னும் அளவிலேயே காணப்படும் அரிய நோய் இது.

இதன் காரணத்தை அறிஞர் துருவி ஆராய்ந்துள்ளனர். 1971இல் ஆல்ஃபிரட் நுட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், இந்நோயுற்ற குழந்தைகளின் குறிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்து, ஓர் உயிரணுவில் அடுத்தடுத்து இரண்டு பழுதுகள் நேர்ந்தாலன்றி இப்புற்று தோன்றாது என்று உய்த்துணர்ந்தார். 1986இல் அப்பழுது நேரும் மரபணுவே கண்டறியப்பட்டது. உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாதபடி தடுத்து நிறுத்துவதே அம்மரபணுவின் வேலை. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வோர் அணுவிலும் அஃது இரண்டு பிரதிகளாய் இருக்கும்.

நாம் ஆலையில் தறி பார்த்த காலத்து அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்குவோம். தானியங்கித் தறியில் பாவு இழை ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும். உடனே தறி நின்றுவிடும். தொழிலாளி இழையை முடிந்து மீண்டும் தறியை ஓட்டுவான். தகடு விழாமற் போனால் தறி நில்லாது ஓடும். பழுது துணி நெடுகிலும் தொடரும். விழித்திரை அணுவுக்கு இம்மரபணுவே அத்தகடு. இரண்டு பிரதிகளும் கெட்டால், நிற்க வேண்டியது நிற்பதில்லை.

இப்பழுது எங்கிருந்து வருகின்றது? இந்நோயுற்ற குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு, விழித்திரையின் ஓர் அணுவில் மட்டும் அது தானாக நேர்ந்ததாகும். மற்றையோர்க்கு உடலின் எல்லா அணுக்களிலும் ஒரு பழுது பிறவியிலேயே அமைந்திருக்கும். அவர்களிலும் பலருக்குத் தாய்க்கோ தந்தைக்கோ அது இருந்ததில்லை, புதிதாகத் தோன்றியது. தாய் உண்ட உணவு, பார்த்த கிரகணம், தாண்டிய கயிறு, மறந்த நேர்த்திக்கடன் ஆகிய எதற்கும் இதில் பங்கில்லை. ஆயிரக்கணக்கான பாவு இழைகளுள் ஒன்று அறுவதற்கு நெய்பவனின் பாவம் காரணமா? பாவத்தைத் தேடிக்கொண்டிருப்பவன் தறியை நிறுத்த மாட்டான். இழையையும் முடிய மாட்டான்.

"விஞ்ஞானம் கிடக்கட்டும், நம் பகவன் வினைப்பயனைப் போதிக்கவில்லையா?" என்று சிலர் கேட்பர். போதித்தார். எவ்வாறு போதித்தார் என்பதை நோக்குவோம். இராசகிருகத்து வேணுவனத்தில் பகவன் தங்கியிருந்தபோது, மோலிய சீவகன் என்னும் துறவி அவரை அணுகி, மனிதன் துய்க்கும் இன்பமும் துன்பமும் யாவும் முற்செய் வினையாலேயே வருவன என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்று வினவினான். பகவன் விடையிறுத்தார்: பித்தத்தால் நோவு வரும், கபத்தால் வரும், வாதத்தால் வரும், மூன்றும் கூடி வரும், பருவ மாறுதலால் வரும், உடலைப் பேணாமையால் வரும், திடீரென நேரும் தாக்குதலால் வரும், வினைப்பயனாலும் வரும். இவை எட்டு. எல்லாம் முன்வினையே என்போர், தாமே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒப்புவதையும் கடந்து பேசுகின்றனர்; அவர்கள் கூற்றுப் பிழை என்றார். சங்யுத்த நிகாயத்தில் இவ்வுரையாடல் உள்ளது. எட்டுக் காரணங்களுள் ஒன்றை எடுத்து, ஏழையும் எறிந்துவிட்டு, அவ்வொன்றையும் அழும் தாயின் தலையில் ஏற்றுவோர் பகவன் சொல்லைச் சொல்வோர் அல்லர்.

மேலும் கேளுங்கள். அங்குத்தர நிகாயத்தில், சிந்தித்து முடிவு காண இயலாதவை நான்கு எனப் பகவன் வகுத்தார். வினையின் விளைவு அவற்றுள் ஒன்று. இன்ன துன்பத்துக்கு இன்ன வினை என்று துருவுவோன் சித்தம் கலங்குவான் என்றும் எச்சரித்தார். ததாகதர் சிந்திக்கற்க என்று விலக்கியதைத் தெருமுனையில் நிற்போர் அறிந்துவிட்டதாகக் கூறுவது எத்துணை அகந்தை!

தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு இதில் இன்னும் ஒரு பொருள் உண்டு. "முன்வினை" என்னும் சொல்லை நாம் முதன்முதலாக எங்குக் கேட்டோம்? நம் பாட்டன்மார் ஊருக்கு வெளியே குடியிருந்ததற்கும், குளத்தில் நீர் மொள்ள இயலாது நின்றதற்கும் அச்சொல்லே காரணமாகக் கூறப்பட்டது. அதனை ஏற்க மறுத்தே அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தென்னிந்திய சாக்கைய பௌத்த சங்கத்தைக் கண்டார். இந்தக் காரணம் பற்றியே பாபாசாகிபும், அவர் மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், முற்பிறவி வினையைக் கொண்டு இப்பிறவியின் இழிவுக்கு நியாயம் கற்பிக்கும் கொள்கையைக் கண்டித்தார். எந்தச் சொல்லால் நம் முன்னோர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டனரோ, அந்தச் சொல்லாலேயே ஒரு தாயை அவள் துக்கத்துக்கு வெளியே நிறுத்துவது நமக்குத் தகுமா?

பாபாசாகிப் இதனை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர். அவருக்கும் அன்னை இரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளுள் நால்வர் மழலையிலேயே மாண்டனர். மூவர் ஆண்மக்கள், ஒன்று பெண்மகவு. கடைசி மகன் இராசரத்தினம் 1926 சூலையில் இறந்தான். அதன்பின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நான்கு அருமைக் குழந்தைகளைத் தாமும் தம் மனைவியும் மண்ணில் புதைத்ததைக் கூறி, உள்ளம் உடைந்தே எழுதினார். அழவில்லை என்று பெருமை பேசவில்லை. விதி என்று ஆறுதல் தேடவும் இல்லை. எட்டு மாதங்கள் சென்றன. 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரில், தீண்டாதார் எனப்பட்ட ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று பொதுக்குளத்தில் நீர் அருந்தினார். புத்திர சோகம் ஒரு மனிதனை முடக்கியே தீரும் என்பதில்லை என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமோ?

எப்படி நினைப்பது?

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். கிசா கோதமியின் கதை நீங்கள் அறிந்ததே. ஆயினும் அதனை நாம் பல வேளைகளில் விரைந்து சொல்லி முடித்துவிடுகின்றோம். சாவத்தி நகரில் வறிய குடியில் பிறந்தவள் கோதமி. மெலிந்த உடலினள் ஆதலின் கிசா எனப்பட்டாள். புகுந்த வீட்டில் இகழப்பட்டாள். ஆண்மகவு பிறந்தபின்னரே மதிக்கப்பட்டாள். நடந்து விளையாடும் பருவத்தில் அம்மகவு இறந்தது. மகவோடு அவள் மதிப்பும் இறந்தது. பிணத்தை இடுப்பில் ஏந்தி, மருந்து மருந்து என்று வீதிதோறும் அலைந்தாள். பகவன் அவளை நோக்கி, சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றார்.

இங்கு நாம் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று: பகவன் அவளது முன்வினையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அநித்தத்தைப் பற்றியும் அப்பொழுது உபதேசிக்கவில்லை. அழுகின்ற காதில் உபதேசம் ஏறாது என்பதை அவர் அறிவார். மற்றொன்று: அவளைத் தனியே இருத்தித் தியானம் செய் என்று சொல்லாமல், வீடு வீடாக அனுப்பினார். சாவத்தியில் கடுகு இல்லாத வீடு இல்லை; எல்லோரும் கொடுக்கவே முன்வந்தனர். "உங்கள் வீட்டில் எவரேனும் இறந்ததுண்டா?" என்று அவள் கேட்டபோது, ஒவ்வொரு வீடும் தன் சாவைச் சொல்லியது. அதுவரை தன் துக்கம் ஒன்றையே ஏந்தித் திரிந்தவள், பிறர் துக்கத்துக்குச் செவி கொடுத்தாள். மாலையில் மகவைச் சுடுகாட்டில் கிடத்தினாள். பகவனிடம் மீண்டு சரணடைந்தாள். மருந்து கடுகில் இருக்கவில்லை. அவள் ஏறி இறங்கிய வாயிற்படிகளில் இருந்தது.

நம் தமிழிலும் ஒரு கோதமை உண்டு. சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் அவள் வருகின்றாள். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டில் தன் மகன் சார்ங்கலன் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட, அவள் காவல்தெய்வமாகிய சம்பாபதியின் முன் நின்று, என் உயிரைக் கொண்டு என் மகன் உயிரைத் தா என வேண்டினாள். உயிருக்கு உயிர் ஈடாகுமெனின், மன்னர்க்காகத் தம் உயிரைக் கொடுப்போர் இருந்திருப்பர். ஆயினும் இக்கோட்டத்தில் மன்னர்க்கு எழுந்த கோட்டங்கள் எத்தனை பார் என்று தெய்வம் உணர்த்தியது. கோதமை உண்மையை ஏற்று, மகனை ஈமத்தில் இட்டாள்.

அங்குச் சம்பாபதியும் ஊழ்வினையைச் சொல்கின்றாளே எனக் கற்றோர் வினவலாம். சொல்கின்றாள். எனினும் நீ செய்த பாவம் என்று தாயை நோக்கி விரல் நீட்டவில்லை. மற்றைத் தெய்வங்களையும் அவள்முன் வருவித்து, போன உயிரை மீட்பது எவர்க்கும் இயலாது என்பதை அவளே கேட்டறியச் செய்கின்றாள். சாவத்திக் கோதமி மனிதர் வாயிலில் கேட்டறிந்ததைப் புகார்க் கோதமை தேவர் வாயிலில் கேட்டறிந்தாள். இருவரையும் எவரும் பழிக்கவில்லை என்பதை மட்டும் மறவாதீர்கள்.

"பெண்பிள்ளைதானே, வேறொன்று பிறக்கும்" என்று சொல்லும் நாவும் நம்மிடையே உண்டு. அந்நாவுக்கு உப்பிரியின் கதை விடை. தேரிகாதையில் வரும் அவள், இறந்த தன் மகளின் பெயரைச் சொல்லிச் சுடுகாட்டில் அரற்றினாள். மகளின் பெயர் சீவா. அப்பெயருடையோர் 84,000 பேர் இச்சுடுகாட்டில் எரிந்தனர். எந்தச் சீவாவுக்காக அழுகின்றாய் என்றார் பகவன். அவள் சிந்தை தெளிந்தது. இருபத்தைந்து நூற்றாண்டுகள் சென்றும் அப்பெண்மகவின் பெயர் நம் திருநூலில் நிற்கின்றது. ஆகவே இறந்த குழந்தையின் பெயரை வீட்டில் சொல்ல அஞ்ச வேண்டா. பெயரைச் சொன்னால் தாய் அழுவாள் என்று நாம் மறைக்கின்றோம். எவரும் சொல்லாததற்கும் அவள் தனியே அழுகின்றாள்.

சகோதரர்களே! நாம் வாழும் இத்தில்லி, பண்டைக் குருநாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டில் கம்மாசதம்மம் என்னும் ஊரில் பகவன் மகாசதிபட்டான சூத்திரத்தை அருளினார். 'ஸதி' என்னும் பாலிச்சொல்லுக்கு விழிப்பு என்று இன்று பொருள் கூறுகின்றோம். அதன் அடிப்பொருள் நினைவு. துன்ப உணர்ச்சி தோன்றுங்கால், இது துன்பம் எனத் தெளிந்து அறிக என்பது அச்சூத்திரத்தின் ஒரு கூறு. துன்பத்தை விரட்டு என்று அங்குக் கூறப்படவில்லை. துன்பத்தில் மூழ்கு என்றும் கூறப்படவில்லை. குழந்தையின் சிறு சட்டையைப் பெட்டியில் காணும்போது நெஞ்சு விம்மினால், "துக்கம் வந்தது" என அறிந்து, மூச்சை அறிந்து, அமர்ந்திருங்கள். அது தங்கும், பின் செல்லும். நாளை மீண்டும் வரும், மீண்டும் செல்லும். வருவதும் செல்வதும் அதன் இயல்பெனக் கண்டவர்க்கு நினைவு பகையாவதில்லை.

இங்ஙனம் தெளிந்த நினைவு கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். மாண்டவர்க்காக அழுவதால் மாண்டவர்க்குப் பயனில்லை, அவர் பொருட்டு ஈயும் தானமே பயனுடையது எனத் திரோகுட்ட சூத்திரம் கூறும். பிண்டத்தை விட்ட இடத்தில் நாம் வைக்க வேண்டியது இத்தானமே.

நம் தமிழகத்தில் இதற்கு மெய்யான எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்டவர். அத்துயரை அவர் நெஞ்சில் சுமந்து, ஆண்டுகள் பல முயன்று, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். 12 படுக்கைகளோடு தொடங்கிய அது, பின்னாளில் எண்ணற்ற ஏழைகளின் புகலிடமாயிற்று. ஒரு தங்கையின் நினைவு அங்கு மருந்தாகவும் படுக்கையாகவும் மாறியது.

பகவனைப் பின்பற்றிய அசோக மன்னரும் இதனையே செய்தார். மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்படுத்தி, மூலிகை இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததாக அவரது இரண்டாம் பாறைச் சாசனம் கூறுகின்றது. சோழ பாண்டியர் நாடுகளும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. மூலிகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நம் ஊர்ச் சுடுகாடுகளில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியை அறிவீர்கள். சுடுகாட்டு மல்லி என்றே அதற்கு ஒரு பெயர். பிணம் எரியும் இடத்துப் பூ என்று வீட்டில் வைக்கவும் சிலர் கூசுவர். அச்செடியிலிருந்து மிகச் சிறிதளவாகப் பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, 1960கள் முதல் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கும் வேறு பல புற்றுகளுக்கும் அளிக்கப்படுகின்றது. விழித்திரைப் புற்றுக்கும் பிற மருந்துகளுடன் சேர்த்துத் தரப்படுகின்றது. செடியைப் பறித்து வீட்டில் காய்ச்சினால் நஞ்சாகும். முறையறிந்தோர் கையில் அதுவே மருந்து. துக்கமும் அத்தகையதே. சுடுகாட்டில் முளைத்ததெனினும், முறையறிந்து பயன்கொண்டால் பிறர் குழந்தைக்கு உயிர் தரும்.

தில்லியில் நம் கடமை

அம்முறை யாது? நம்மால் இயன்றவற்றை மட்டும் கூறுவோம்.

முதலாவது, அறிந்து அறிவித்தல். குழந்தையின் கருமணிக்குள் பூனைக்கண்போல் வெண்மை மின்னினால், அல்லது மின்னொளியில் எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெண்மையாகவும் தோன்றினால், புதிதாக மாறுகண் கண்டால், அன்றே கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வேறு சிறு குறைகளாலும் அவ்வாறு தோன்றலாம். ஆயினும் பார்த்துத் தெளிவது மருத்துவர் பொறுப்பு. தில்லி எய்ம்ஸ் வளாகத்தில் 1967 முதல் இயங்கும் இராசேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் போன்ற இடங்களில் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. நோய் கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது கண்டால் பெரும்பாலான குழந்தைகளைக் காக்கலாம். செல்வ நாடுகளில் 100க்கு 95க்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். ஒரு குழந்தைக்கு வந்த வீட்டில், உடன்பிறந்தாரின் கண்களையும் மருத்துவர் சொற்படி சோதித்தல் வேண்டும். இதனைப் பத்து வீடுகளுக்குச் சொல்பவர் கோதமியின் வழியில் நடப்பவர். அவள் வாங்கச் சென்றாள். நாம் கொடுக்கச் செல்வோம்.

இதனைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தாமதமாகக் கண்டறிந்த பெற்றோரைப் பார்த்து, முன்பே காட்டியிருக்கலாகாதா என்று கேளாதீர்கள். அறிவை அவர் வீட்டுக்கு எவரும் கொண்டு சேர்க்கவில்லை என்பதே உண்மை. முன்வினை என்னும் பழியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் புதுப் பழி ஒன்றை வைப்பது தம்மம் ஆகாது. காலத்தே கண்டும் காக்க இயலாத குழந்தைகளும் உண்டு.

இரண்டாவது, உடலால் ஈதல். புற்று மருந்து பெறும் குழந்தைகளுக்கு அடிக்கடி குருதியும் குருதித் தட்டணுக்களும் வேண்டியிருக்கும். தட்டணுக்களை ஏறத்தாழ 5 நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆகவே நன்கொடையாளர் ஓயாது தேவை. 18 வயது நிரம்பிய உடல்நலமுடைய நம் இளைஞர், இறந்த குழந்தையின் பிறந்தநாளில் குருதி கொடுப்பதைவிடச் சிறந்த சிராத்தம் எது?

மூன்றாவது, நிழலாக நிற்றல். எய்ம்ஸ் வளாகத்தில், 1980களில் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை பாபாசாகிபின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நான்கு மகவுகளை இழந்த தந்தையின் பெயர் அது. அவ்வாயிலுக்குப் பல மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் குழந்தைகளோடு வருகின்றன. தங்க இடமின்றி நடைபாதையில் படுப்போரைத் தில்லிவாசிகள் அறிவர். குழந்தைப் புற்றுநோய்க்கென 2004 முதல் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கேன்கிட்ஸ் போன்ற தொண்டு அமைப்புகளும் உள்ளன. நம்மிடம் பெருஞ்செல்வம் இல்லை. ஆயினும் ஒரு வேளைச் சோறு ஆக்கிக் கொண்டுபோகலாம். இந்தி அறியாது திகைக்கும் தமிழ்த் தாய் ஒருத்திக்கு அருகில் நின்று மருத்துவர் சொல்லை மொழிபெயர்த்துச் சொல்லலாம். சீட்டு எழுதும் வரிசையில் நமக்குப் பழகிய வழியை வழியறியாதார்க்குக் காட்டலாம். 1966இல் இத்தில்லியிலேயே பாகாபூரில் கண்டெடுக்கப்பட்ட அசோகரின் சிறு பாறைச் சாசனத்தின் கருத்தும் இதுவே: முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று, எளியோரும் முயன்றால் எய்துவர்.

நான்காவது, நாவைக் காத்தல். பஞ்சசீலத்தில் பொய்யாமையை ஏற்கின்றோம். அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறுவதும் பொய்யே. "என்ன பாவமோ" என்பதும் அத்தகைய பொய். துக்க வீட்டுக்குச் செல்வோர் காரணம் கூற வேண்டா. அருகில் அமருங்கள். குழந்தை எப்படிச் சிரிக்கும், எதை விரும்பி உண்ணும் என்று கேளுங்கள். அத்தாய் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். சாவத்தி வீடுகள் செய்த உதவி இதுதான்.

ஆண்டுதோறும் திசம்பர் 6ஆம் நாள் நம்மில் பலர் அலிப்பூர் சாலை 26ஆம் எண் மனைக்குச் செல்கின்றோம். 1956இல் அங்கு மறைந்தவரைப் பூவிட்டு மட்டும் நினைப்பதில்லை. அவர் விட்ட பணியைக் கையில் எடுப்பதாலேயே நினைக்கின்றோம். 65 ஆண்டுகள் வாழ்ந்து நாட்டுக்குச் சட்டம் வகுத்தவர்க்கு அது பொருந்தும். மூன்று வயதும் வாழாத மழலை என்ன பணியை விட்டுச் சென்றது என்று கேட்பீர்கள். தன்னைப்போல் பிறக்கும் அடுத்த குழந்தையின் கண்ணைப் பாருங்கள் என்னும் பணியை விட்டுச் சென்றது. அதனை எடுத்துச் செய்யும் வரை, அம்மழலையின் வாழ்வு குறுகியது என்று கூறலாமே ஒழிய, வீணானது என்று எவரும் கூற இயலாது.

மகவிழந்த தாய்மாரும் தந்தைமாரும் பழியினின்று விடுபடுவாராக! நோயுற்ற குழந்தைகள் காலத்தே மருந்து பெறுவனவாக! நாம் இன்று ஈட்டிய நன்மை யாவும் மறைந்த மழலைகள் அனைவர்க்கும் உரியதாகுக!